நோயாளிகளின் இணையக் குழுவில் சேர்வது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீண்டகால நோய் ஒன்று இருப்பதாக அண்மையில் தெரிந்துகொண்டவர்களுக்கும், அப்படி ஒருவரை வீட்டில் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. மருத்துவர் பேசிய நேரம் குறைவு, அதில் மனதில் தங்கியது இன்னும் குறைவு. மீதியை ஃபோனில் தேட ஆரம்பிக்கிறோம். தேடிய கொஞ்ச நேரத்திலேயே அதே நோயோடு வாழும் பலர் கூடிப் பேசும் இடங்கள் கண்ணில் படும். உள்ளே போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

குழுவுக்கு எது தெரியும், எது தெரியாது

புது மருந்து ஆரம்பித்தால் குமட்டல் எந்த நேரத்தில் வரும், ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருப்பதை எப்படிச் சமாளிப்பது, முடி கொட்டப்போவதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது, வேலை செய்யும் இடத்தில் யாரிடம் எவ்வளவு சொன்னால் போதும்... இதெல்லாம் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். பல மருத்துவர்களுக்குக்கூட இவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் அந்த மருந்தை எழுதிக்கொடுத்திருக்கிறார்களே தவிர விழுங்கியதில்லை. அதே குழுவுக்கு உங்கள் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகள் என்ன, எத்தனை மில்லிகிராம் உங்களுக்குத் தாங்கும் என்பதும் தெரியாது. தெரியாது என்பதற்காகச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

இணையத்தில் எல்லாமே பொய் என்று சொல்வதும் சரியில்லை. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களின் இணையக் குழு ஒன்றில் வந்த 4,600 பதிவுகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து, முடிவை 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். தவறானவை அல்லது திசைதிருப்புபவை என்று கண்டது 10 பதிவுகளைத்தான். அவற்றிலும் 7 பதிவுகளை மற்ற உறுப்பினர்களே சராசரியாக நாலரை மணி நேரத்தில் திருத்திவிட்டார்கள். நல்ல கணக்குதான். ஆனால் அது ஒழுங்காக நடத்தப்பட்ட பழைய குழு. இன்று ஒரு வீடியோவுக்குக் கீழே குவியும் கமென்ட்டுகளுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்காதீர்கள். அப்புறம், திருத்தப்படாமல் போன அந்த மூன்றில் ஒன்றைத்தான் நீங்கள் படித்தீர்கள் என்றால் சராசரி உங்களுக்கு உதவாது.

முதலில் உங்கள் காகிதங்கள்

குழுவைத் தேடும் முன் நோயின் முழுப் பெயரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வகை, நிலை, எந்தத் தேதியில் எந்தப் பரிசோதனையில் தெரிந்தது, இப்போது என்னென்ன மருந்து, எல்லாம் வேண்டும். "சர்க்கரை நோய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒரு குழுவுக்குள் போனால் என்ன ஆகும் பாருங்கள். இரண்டாம் வகை உள்ள ஒருவர் எடையைக் குறைத்து, மருத்துவர் மேற்பார்வையில் மருந்தையும் குறைத்த கதையை மகிழ்ச்சியோடு எழுதியிருப்பார். முதல் வகை உள்ளவர் அதைப் படித்துவிட்டு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மார்பகப் புற்றுநோயிலும் இதே கதைதான். ஹார்மோன் ஏற்பி (செல்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) உள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் சிகிச்சை வேறு. வகை தெரியாமல் படித்தால், வேறொருவருக்குச் சொன்ன அறிவுரையை நமக்கென்று எடுத்துக்கொள்வோம்.

உங்கள் மருத்துவமனை நோயாளிகளுக்கென்று போர்ட்டலோ ஆப்போ வைத்திருந்தால் லாகின் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் இறக்கி ஒரே இடத்தில் சேமியுங்கள். சில இடங்களில் மருத்துவர் எழுதும் குறிப்புகளையே படிக்கலாம். அமெரிக்காவில் 2010இல் மூன்று இடங்களைச் சேர்ந்த 105 மருத்துவர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகளுக்குத் திறந்துவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். 'ஓப்பன்நோட்ஸ்' என்று அதற்குப் பெயர். சோதனைக்காலம் முடிந்த பிறகும் அந்த மருத்துவர்களில் ஒருவர்கூட அதை நிறுத்த விரும்பவில்லை. நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோருமே தொடர வேண்டும் என்றார்கள்.

போர்ட்டலில் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். மருத்துவர் கூப்பிட்டு விளக்கும் முன்னால் பரிசோதனை முடிவு உங்கள் ஃபோனுக்கு வந்துவிடலாம். வார இறுதியில், ராத்திரி நேரத்தில், தனியாக இருக்கும்போது பயாப்ஸி முடிவைத் திறப்பதா வேண்டாமா என்பதை அது வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வயதான அம்மாவுக்காக நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால், அவருடைய கடவுச்சொல்லை வாங்கிப் பயன்படுத்தாமல், குடும்பத்தினருக்கான தனி அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல போர்ட்டல்களில் உண்டு.

எந்தக் குழு

எல்லோரும் படிக்கக்கூடிய பொது மன்றங்கள், ஃபேஸ்புக்கின் தனிக்குழுக்கள், வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள், நோய் விவரங்களை எண்ணாகவும் வரைபடமாகவும் பதியவைக்கும் தளங்கள் என்று பல வகை உண்டு. புதியவருக்கு நான் முதலில் சொல்வது, பழைய பதிவுகளைத் தேடிப் படிக்க வசதியுள்ள இடம். வாட்ஸ்அப் குழு சீக்கிரம் பதில் தரும், ஆறுதலும் தரும். ஆனால் போன வருடம் ஒருவர் எழுதிய அருமையான விளக்கத்தை அங்கே தேடி எடுப்பது பெரும்பாடு. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்க, பழைய ஆட்கள் அலுத்துப்போய் விலகிவிடுவார்கள். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் உங்கள் ஃபோன் எண்ணும் மற்ற உறுப்பினர்கள் கண்ணில் படும்.

சேரும் முன் சிலவற்றைப் பாருங்கள். யார் நடத்துகிறார்கள்? நோயாளி அமைப்பா, மருத்துவமனையா, தனி ஆளா, மருந்தோ கருவியோ விற்கும் நிறுவனமா? நிறுவனம் நடத்துவதாலேயே குழு மோசம் என்றில்லை, ஆனால் அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா? கடைசிப் பதிவு எப்போது? எல்லாவற்றையும்விட முக்கியமாக, யாராவது "30 நாளில் முழு குணம்" என்று எதையோ விற்க வரும்போது அட்மின் என்ன செய்கிறார்? அந்தப் பதிவு மூன்று நாளாக அப்படியே கிடந்தால் வேறு குழு பாருங்கள். மருத்துவரைத் திட்டுவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் குழுவும் வேண்டாம். எரிச்சலைக் கொட்ட ஓரிடம் எல்லோருக்கும் வேண்டும்தான், ஆனால் அங்கே போய்விட்டு வந்தால் மருந்து சாப்பிடவே மனம் வராது.

பெயரும் படமும்

குழுவுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரோ ஊரோ தெரியாத புனைபெயர் போதும். முகப்புப் படத்துக்கு வேறெங்கும் போட்ட படத்தைப் போடாதீர்கள், படத்தை வைத்தே ஆளைத் தேடிவிடலாம். ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போடுவதாக இருந்தால் பெயர், நோயாளி எண், பிறந்த தேதி, ஓரத்தில் இருக்கும் பார்கோடு, கியூஆர் குறியீடு எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். மேலே கறுப்புக் கோடு இழுப்பதைவிட வெட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் சில செயலிகளில் போட்ட கோட்டை மறுபடியும் நீக்கிவிடலாம். ஃபோனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கக்கூடும். கேமராவில் இருப்பிட அனுமதியை அணைத்துவிட்டு எடுங்கள். இன்னும் எளிய வழி, படமே போடாமல் வேண்டிய எண்களை மட்டும் தட்டச்சு செய்வது.

தனிக்குழு என்று எழுதியிருப்பதை முழுக்க நம்ப முடியாது. மரபணு மாற்றத்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் உள்ள பெண்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில், உறுப்பினர் பட்டியலை வெளியாட்களும் எடுக்க முடிகிறது என்பது 2018இல் தெரியவந்தது. ஃபேஸ்புக் பிறகு அந்த வழியை அடைத்தது. அதற்கு முன்பு 2010இல், மனநலம் பற்றிப் பேசும் ஒரு நோயாளி மன்றத்தின் பதிவுகளை ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் தானியங்கி நிரலால் அள்ளிச் சென்றது பிடிபட்டது. ஒரு பதிவை உங்கள் மேலதிகாரியோ வருங்காலச் சம்பந்தி வீட்டாரோ படித்தாலும் பரவாயில்லை என்றால் போடுங்கள். இல்லையென்றால் விவரத்தைக் குறைத்துப் போடுங்கள். குழந்தையின் நோயைப் பற்றி எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பத்து வருடம் கழித்து அதைப் படிக்கப் போவது அந்தக் குழந்தைதான்.

கொஞ்ச நாள் சும்மா படியுங்கள்

சேர்ந்த உடனே எழுத வேண்டாம். குழுவின் போக்கு பிடிபடும்வரை படியுங்கள். இணையக் குழுக்களில் பெரும்பாலானவர்கள் படிப்பவர்கள்தான். நூறு பேரில் 90 பேர் வெறுமனே படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று தோராயமாகச் சொல்வதுண்டு. அதனால் பேசாமல் இருப்பது தப்பு என்று கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் இதே கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது, புதியவர்கள் அதில்தான் விழுகிறார்கள். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து பழைய வாழ்க்கைக்குத் திரும்பியவர் குழுவை மறந்துவிடுவார். சிக்கல் வந்தவர் தினமும் வருவார், நீளமாக எழுதுவார். ஒரு மருந்தின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைப்பது அந்த மருந்தால் அவதிப்பட்டவர்களின் எழுத்தாகவே இருக்கும், பிரச்சினை வராதவருக்கு எழுத என்ன இருக்கிறது? எதிர்ப்பக்கமும் உண்டு. கொடிய நோய்களில், ஏதோ ஒன்றைச் சாப்பிட்டுப் பிழைத்தேன் என்று எழுத முடிந்தவர் பிழைத்தவர் மட்டும்தான். ஆகவே ஒரு பக்க விளைவு "வருமா" என்பதைக் குழுவில் பார்க்கலாம், "எத்தனை பேருக்கு வரும்" என்பதை அங்கே பார்க்கக் கூடாது. அதற்கு மருந்தோடு வரும் தாளும், மருத்துவரும், மருந்தாளுநரும் இருக்கிறார்கள்.

ராத்திரி படுக்கையில் படிக்காதீர்கள். அறிவிப்புகளை ம்யூட் செய்துவிட்டு, பகலில் ஒரு நேரம் ஒதுக்கிப் படித்தால் போதும்.

கேள்வி கேட்கும் விதம்

"அப்பாவுக்குக் கிட்னி பிரச்சினை. என்ன செய்யலாம்? அவசரம்." இப்படி ஒரு பதிவு போட்டால் கைகூப்பும் எமோஜியும் இருபது விதமான மருந்துப் பெயரும் வரும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அப்பாவுக்கு 60 வயதுக்கு மேல். நாள்பட்ட சிறுநீரக நோய், நான்காம் நிலை. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்பதால் முன்கூட்டியே கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள், முதல் சில வாரம் அந்தக் கையால் என்ன செய்ய முடிந்தது? மருத்துவரிடம் முன்பே எதைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது?"

நோயின் பெயரும் நிலையும் இருக்கின்றன, ஆனால் ஆளை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இல்லை. யார் பதில் சொல்ல வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. அனுபவத்தைக் கேட்கிறதே தவிர அறிவுரையைக் கேட்கவில்லை. கடைசி வரியைக் கவனியுங்கள். எந்த நோயாக இருந்தாலும், எந்தக் குழுவாக இருந்தாலும் கேட்கத் தகுந்த கேள்வி அது. மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் குழு சொல்லித்தரும், பதிலை மருத்துவரிடம் வாங்கலாம். இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் அவரவருக்குத் தெரிந்ததைச் செய்கிறார்கள்.

பதில் வந்ததும் நன்றி சொல்லுங்கள். சில வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று அதே பதிவின் கீழ் எழுதுங்கள். பாதியில் விட்ட கேள்விகள்தான் குழுக்களில் அதிகம், அடுத்து வருபவர் முடிவு தெரியாமல் தவிப்பார்.

பதிலை எடைபோடுவது

"இந்த மருந்து எனக்குப் பலன் தந்தது" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அது அவருக்கே தெரியாமல் தவறாக இருக்கலாம். ஏஎல்எஸ் என்னும் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயில் நடந்ததைச் சொல்கிறேன். லித்தியம் என்ற மருந்து அந்த நோயின் வேகத்தைக் குறைப்பதாக இத்தாலியில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2008இல் சொன்னது. காத்திருக்க நேரமில்லாத நோய் அது. பேஷன்ட்ஸ்லைக்மீ என்ற தளத்தின் உறுப்பினர்கள் பலர் மருத்துவரிடம் கேட்டு லித்தியம் சாப்பிடத் தொடங்கி, அளவையும் உடல்நிலையையும் தளத்தில் பதிந்துவந்தார்கள். அந்தத் தளமே, தங்கள் சகோதரர் ஒருவருக்கு ஏஎல்எஸ் வந்ததால் அண்ணன் தம்பிகள் சேர்ந்து 2004இல் தொடங்கியது. லித்தியம் சாப்பிட்டவர்களை, நோய் அதே போக்கில் இருந்த ஆனால் சாப்பிடாத உறுப்பினர்களோடு ஒப்பிட்டு, பலன் எதுவும் இல்லை என்று தளத்தின் ஆய்வாளர்கள் 2011இல் அறிவித்தார்கள். முறையான மருத்துவ ஆய்வுகளும் அதையே உறுதிசெய்தன. ஒருவரின் நம்பிக்கையை நூற்றுக்கணக்கானவர்களின் பதிவு சரிபார்த்தது. நீங்கள் இருக்கும் குழு அப்படி எண்ணிப் பார்க்கும் குழுவா, அல்லது கதை மட்டும் சொல்லும் குழுவா என்று பாருங்கள். பெரும்பாலானவை இரண்டாவது வகைதான், அதில் குற்றமில்லை. தெரிந்து படித்தால் போதும்.

சரிபார்க்கச் சில நல்ல இடங்கள் உண்டு. சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு எளிய மொழிச் சுருக்கங்களை வெளியிடுகிறது. அரிய நோய்களுக்கு ஆர்ஃபாநெட். மருத்துவ ஆய்வுகள் நடக்கின்றனவா என்று பார்க்க கிளினிக்கல்ட்ரையல்ஸ் தளம். அந்தத் தளத்தில் பெயர் இருப்பதாலேயே ஒரு சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. அதைக் காட்டிப் பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வில் சேரப் பெருந்தொகை கட்டச் சொன்னால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நகராதீர்கள்.

இப்போது இன்னொரு தொல்லை. கேள்வியைச் செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டில் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அழகான நடை, வரிசை வரிசையான குறிப்புகள், ஆனால் "நான்" என்ற சொல்லே இருக்காது. "இது உங்கள் சொந்த அனுபவமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடலாம்.

பொது இடத்தில் எதுவும் சொல்லாமல் தனிச்செய்தியில் வந்து உதவுகிறேன் என்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். அட்மினிடம் ஸ்க்ரீன்ஷாட் கொடுங்கள். நோயே இல்லாமல் நோயாளியாக நடித்து அனுதாபம் தேடுபவர்களும் உண்டு, மருத்துவ இதழ்கள் இதைப் பற்றி எழுதி இருபது வருடத்துக்கு மேலாகிறது. நெருக்கடி மேல் நெருக்கடியாக, நம்ப முடியாத வேகத்தில் ஒருவருக்கு வந்துகொண்டே இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். குழுவில் வைத்து அம்பலப்படுத்தவும் போகாதீர்கள், சந்தேகம் தப்பாக இருந்தால் உண்மையான நோயாளி ஒருவரை நோகடித்திருப்பீர்கள்.

மருத்துவரிடம் கொண்டுபோவது

"இன்டர்நெட்டில் படித்தேன்" என்று ஆரம்பித்தால் சில மருத்துவர்களுக்கு முகம் மாறும். "இந்த மருந்தால் காலில் மரத்துப்போகும் உணர்வு வருவதாகச் சிலர் சொல்கிறார்கள், எனக்கும் இரண்டு வாரமாக அப்படி இருக்கிறது, பார்க்க வேண்டுமா?" என்று உங்கள் உடம்பிலிருந்து தொடங்குங்கள். இரண்டு அல்லது மூன்று கேள்வி போதும், முக்கியமானது முதலில். அச்செடுத்த கட்டுக் காகிதம் வேண்டாம். வீடியோவில் பார்ப்பதாக இருந்தால் கேள்விகளையும் மருந்துப் பட்டியலையும் முந்தைய நாளே போர்ட்டலில் அனுப்பிவையுங்கள், மருந்து அட்டைகளைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

நல்ல மருத்துவர்கள் இதை வரவேற்பார்கள். டேவ் டிப்ரோன்கார்ட் என்ற அமெரிக்கருக்கு 2007இல் பரவிய நிலையில் சிறுநீரகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நோயாளிகளின் இணையக் குழு ஒன்றைப் பார்க்கச் சொன்னதே அவருடைய மருத்துவர் டேனி சாண்ட்ஸ்தான். இந்த நோயை அடிக்கடி பார்க்கும் மையத்துக்குப் போங்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்லூக்கின் சிகிச்சை சிலருக்குப் பலன் தரும், பக்க விளைவுகள் இப்படி இருக்கும், இப்படிச் சமாளித்தோம் என்று குழு சொன்னது. சிகிச்சையை மருத்துவமனை கொடுத்தது. அவர் பிழைத்தார். எல்லோருக்கும் அப்படி முடியும் என்று சொல்லவில்லை. யார் எதைச் செய்தார்கள் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, நிற்காத ரத்தப்போக்கு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இவற்றுக்குக் குழுவும் கிடையாது, போர்ட்டல் செய்தியும் கிடையாது. அவசர எண்ணை அழையுங்கள். இன்னொருவர் குழுவில் அப்படி எழுதியதைப் பார்த்தால் உடனே அட்மினுக்குத் தெரிவித்து, எழுதியவரையும் அவசர எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நோய்க்குக் குழுவே இல்லையென்றால்

அரிய நோய்களில் இப்படி நடக்கும். அப்போது நீங்கள்தான் தொடங்க வேண்டியிருக்கும், அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். இதயத் தமனியின் உட்சுவர் தானாகக் கிழியும் 'ஸ்கேட்' என்ற நோய் வந்த பெண்கள் சிலர் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவர் 2009இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் இதய மருத்துவர் ஒருவரிடம், எங்களை வைத்து ஆய்வு செய்யுங்கள் என்று கேட்டார். அந்தக் குழுவிலிருந்து வந்த 12 பேரோடு முதல் ஆய்வு 2011இல் வெளியானது. கோவிட் வந்து மாதக்கணக்கில் தேறாதவர்கள் இணைய அரட்டைக் குழு ஒன்றில் கூடி, தாங்களே கேள்வித்தாள் தயாரித்து, 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரின் அறிகுறிகளைத் தொகுத்து 2021இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

தொடங்கும்போது விதிகளை முதல் நாளே எழுதிப் பொருத்துங்கள்: மருந்தின் அளவைப் பரிந்துரைக்கக் கூடாது, விற்கக் கூடாது, இங்கே படித்ததை வெளியே கொண்டுபோகக் கூடாது. அடிக்கடி வரும் கேள்விகளையும் தேறிய பதில்களையும் ஒரே பதிவில் சேர்த்து மேலே குத்திவையுங்கள். உறுப்பினர் ஒருவர் இறந்தால் குடும்பத்தாரின் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் குழுவில் அறிவிக்க வேண்டும், அவர் பதிவுகளை வைப்பதா நீக்குவதா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். கடவுச்சொல்லும் அட்மின் உரிமையும் ஆரம்பத்திலிருந்தே குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும். அதில் ஒருவராவது வேறு நேர மண்டலத்தில் இருந்தால் நல்லது, ராத்திரி மூன்று மணிக்கு வரும் பதிவை யாராவது பார்க்க வேண்டும். குழு நடத்துபவரும் நோயாளிதான், சிகிச்சைக்குப் படுத்துவிட்டால் சில வாரம் ஃபோனையே தொட முடியாது.